பக்கத்து வீட்டு நீலக் கொடி

அமெரிக்காவில், வட கரோலினாவில் இருக்கும் என் பெண் வீட்டுக்கு 2025 மார்ச்சில் போய் இறங்கினோம். மறுநாள் காலை காபி டம்ளரோடு வாசலுக்கு வந்து பார்த்தால், வலது பக்கத்து வீட்டில் வெளிர் நீலத்தில் ஒரு கொடி பறக்கிறது. இடது பக்கத்து வீட்டில் கரு நீலத்தில் ஒன்று. தெருவிலேயே கொடி இல்லாத வீடு எங்களுடையதுதான் போலிருந்தது.

"என்ன மாப்பிள்ளை, எலெக்‌ஷனா?" என்றேன்.

"அதை விட மோசம் மாமா... பாஸ்கெட்பால்!" என்றார்.

வெளிர் நீலம் என்றால் சேப்பல் ஹில் என்ற ஊரில் இருக்கும் வட கரோலினா பல்கலைக்கழகம். கரு நீலம் என்றால் டர்ஹாமில் இருக்கும் டியூக் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் நடுவில் பத்து மைல் சொச்சம்தான் தூரம். ஆனால் பங்காளிச் சண்டைக்குத் தூரமா முக்கியம்? "மார்ச் மாசம் முடியற வரைக்கும் இந்த ரெண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது மாமா. நடுவுல நாமதான் ஐ.நா. சபை" என்றார் மாப்பிள்ளை.

எனக்கும் கூடைப்பந்துக்கும் உள்ள உறவை இங்கே சொல்லிவிட வேண்டும். காலேஜில் படிக்கும்போது ஒரே ஒரு தடவை பந்தைக் கூடையை நோக்கி எறிந்தேன். அது வளையத்தில் பட்டுத் திரும்பி வந்து என் மூக்குக் கண்ணாடியை உடைத்தது. அப்பா கண்ணாடிக்குப் பணம் கொடுத்துவிட்டு, "இனிமே கேரம் போர்டு ஆடு" என்றார். அன்றோடு சரி.

வெளிர் நீலக் கொடிக்காரருக்கு வயது 78. போஸ்ட் ஆபீஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. என் சகதர்மிணி ஒரு தட்டில் மெதுவடை வைத்துக் கொடுத்து, "தனியா இருக்கார் பாவம், கொடுத்துட்டு வாங்க" என்று அனுப்பினாள். அவர் ஒரு வடையை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "டோனட்டில் சர்க்கரை போட மறந்துட்டாங்களா?" என்றார். மூன்றாவது வடையில் அந்தச் சந்தேகம் தீர்ந்து, "உள்ளே வாங்க" என்று கூப்பிட்டார்.

தென் பகுதி அமெரிக்கர்களின் இங்கிலீஷ் ஒரு தினுசு. இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில் ஒரு மாட்டு வண்டி தாராளமாகப் போகலாம். அதனால் எனக்கு நன்றாகவே புரிந்தது. அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

ஹாலில் ஒரு தடி நோட்டு வைத்திருந்தார். அட்டை கிழிந்து, டேப் ஒட்டி, அந்த டேப்பும் கிழிந்து... முதல் பக்கத்தில் 1957 என்று பத்து வயதுப் பையனின் கோணல் கையெழுத்து. அந்த வருடம்தான் வட கரோலினா 32 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் தேசிய சாம்பியன் ஆனது. இறுதி ஆட்டத்தில் எதிரணி கான்சாஸ். அதில் வில்ட் சேம்பர்லின் என்று 7 அடி 1 அங்குல ராட்சதன். ஆட்டம் ஆரம்பிக்கும்போது பந்தை மேலே போட்டு இரண்டு பேரைக் குதிக்க விடுவார்கள் இல்லையா? அதற்குக் கரோலினா கோச், டாமி கியர்ன்ஸ் என்கிற 5 அடி 11 அங்குலக்காரரை அனுப்பினார்! எப்படியும் பந்து கிடைக்கப் போவதில்லை, ராட்சதனைக் கொஞ்சம் குழப்பியாவது வைப்போமே என்று. ஆட்டம் சமனாகி, மூன்று தடவை கூடுதல் நேரம் கொடுத்து, கடைசியில் 54-53. ஒரே ஒரு பாயின்ட்!

"எங்க வீட்டில் டி.வி. கிடையாது. எதிர் வீட்டில் போய்ப் பார்த்தேன். அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து அந்த அஞ்சு பேர் பேரையும் எழுதி வெச்சேன். அப்போ ஆரம்பிச்ச பழக்கம்" என்றார்.

அதிலிருந்து வருடத்துக்கு ஒரு பக்கம். அந்த வருட அணியில் யார் யார், எந்த ஊர்ப் பையன், முதல் வருடமா, நாலாம் வருடமா, எல்லாம் இருந்தது. 1982-ம் வருடப் பக்கத்தில் நடுவில் ஒரு பெயரைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். மைக்கேல் ஜோர்டன்! அந்த வருட இறுதி ஆட்டத்தில், கடைசி நொடிகளில், முதல் வருட மாணவனான அவர் போட்ட பந்தில்தான் ஜார்ஜ்டவுனை 63-62 என்று ஜெயித்தார்கள்.

"அப்போ ஜோர்டன் சிகாகோவுக்குப் போய் ஆறு தடவை சாம்பியன் ஆனதெல்லாம் விடாமல் பார்த்திருப்பீங்களே?" என்று ஆவலோடு கேட்டேன்.

பெரியவர் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "கொஞ்சம் பார்த்தேன். அப்புறம் விட்டுட்டேன். அது உலகத்தோட ஜோர்டன். எங்க பையன் இதோ, இந்தப் பக்கத்தில் இருக்கான்" என்று நோட்டைத் தட்டினார்.

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. உலகத்திலேயே உசத்தியான கூடைப்பந்து ஆட்டம் என்.பி.ஏ. என்கிற தொழில்முறை லீக்தான் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆட்டத்தையே உயிராக நினைக்கிற இவர் அதைப் பார்ப்பதில்லை என்கிறார்! விசாரித்துப் பார்த்ததில் இந்தப் பக்கத்தில் இவர் மாதிரி நிறையப் பேர் உண்டு என்றார் மாப்பிள்ளை.

* * *

இங்கே ஒரு சிறு பாடம். (ஏற்கெனவே தெரிந்தவர்கள் அடுத்த பாராவுக்குத் தாவலாம்.) கூடைப்பந்தை 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்கிற உடற்பயிற்சி ஆசிரியர் கண்டுபிடித்தார். பீச் பழக்கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் ஆணி அடித்து மாட்டினார். பந்து விழுந்தால் ஏணி போட்டு எடுக்க வேண்டும்! இப்போது கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், என்.பி.ஏ. 48 நிமிடம். பந்து கையில் கிடைத்தால் கல்லூரியில் 30 விநாடிக்குள் கூடையைப் பார்த்து எறிய வேண்டும், என்.பி.ஏ.வில் 24 விநாடி. இதெல்லாம் சின்ன வித்தியாசம். பெரிய வித்தியாசம் வேறே.

என்.பி.ஏ.வில் ஒவ்வொரு அணியும் 82 ஆட்டம் ஆடும். அப்புறம் நாக் அவுட்டாவது வருமா என்றால் அதுவும் ஏழில் நாலு ஜெயிக்க வேண்டும் என்று கணக்கு. அக்டோபரில் ஆரம்பித்து ஜூன் வரை இழுக்கும். நம் மெகா சீரியல் தோற்றது. கல்லூரியிலோ மார்ச்சில் 68 அணிகள் களத்தில் இறங்கும். தோற்றால் அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மறு சான்ஸ் கிடையாது.

"ஏழு ஆட்டம் வெச்சா நல்ல டீம்தான் சார் ஜெயிக்கும். அதுல என்ன வேடிக்கை?" என்றார் பெரியவர். 2018-ல் வர்ஜீனியா நாட்டின் முதல் நிலை அணி. அதற்கு எதிராக மேரிலேண்ட் பால்டிமோர் கவுன்ட்டி என்று, பெயர்தான் நீளமே தவிர அந்த ஊருக்கு வெளியே அதிகம் பேர் கேள்விப்படாத கல்லூரி. 16-ம் நிலை அணி. ஆண்கள் போட்டியில் அது வரை 16-ம் நிலை அணி முதல் நிலை அணியை ஜெயித்ததே கிடையாது. 135 தடவை முயன்று 135 தடவையும் தோல்வி. அன்றைக்கு 74-54 என்று, அதுவும் 20 பாயின்ட் வித்தியாசத்தில், வர்ஜீனியாவைப் புரட்டி எடுத்தார்கள். அடுத்த வருடம் அதே வர்ஜீனியா திரும்பி வந்து சாம்பியன் ஆனது. "இதை விடக் கதை வேணுமா? ஏழு ஆட்டம் வெச்சிருந்தா ரெண்டுமே நடந்திருக்காது."

இரண்டாவது குற்றப் பத்திரிகை: ஊர்.

வட கரோலினாவுக்கென்று ஒரு தொழில்முறை அணி 1988-ல் சார்லட் நகரத்தில் வந்தது. பெயர் ஹார்னெட்ஸ். ஜனங்கள் கொண்டாடினார்கள். முதலாளிக்கும் ஊருக்கும் ஒத்துப் போகவில்லை. 2002-ல் அணியை அப்படியே பெயர்த்துக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் போய்விட்டார்கள். 2004-ல் சார்லட்டுக்கு வேறொரு புது அணி கொடுத்தார்கள், பாப்கேட்ஸ் என்று. அது 2011-12 சீசனில் 66 ஆட்டங்களில் 7 ஜெயித்து, என்.பி.ஏ. சரித்திரத்திலேயே மோசமான விகிதம் என்று பெயர் வாங்கியது. 2014-ல் பழைய ஹார்னெட்ஸ் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். "பொண்டாட்டி ஓடிப் போயிட்டா. வேறே ஒருத்தியைக் கட்டி வெச்சாங்க. பத்து வருஷம் கழிச்சு அவளுக்கு முதல் பொண்டாட்டி பேரை வெச்சாங்க. நான் யாரை சார் லவ் பண்றது?" என்றார் பெரியவர்.

இது ஒரு ஊர்க் கதை இல்லை. லேக்கர்ஸ் அணி ஏரிகள் நிறைந்த மினசோட்டாவில் பிறந்தது. அதனால்தான் 'ஏரிக்காரர்கள்' என்ற அர்த்தத்தில் அந்தப் பெயர். 1960-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடி போனார்கள். ஏரி வரவில்லை, பெயர் மட்டும் வந்தது. ஜாஸ் சங்கீதம் பிறந்த நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் என்று ஓர் அணி இருந்தது. 1979-ல் அதை யூட்டாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜாஸுக்கும் யூட்டாவுக்கும் என்ன சம்பந்தமோ, அந்த உப்பு ஏரிக்குத்தான் வெளிச்சம்! 41 வருடம் சியாட்டில் கொண்டாடிய சூப்பர்சானிக்ஸ் 2008-ல் ஓக்லஹோமா போய்விட்டது. அந்த ஊர்க்காரர்கள் மறுநாள் காலை எழுந்து யாருக்காகக் கத்துவது? பல்கலைக்கழகத்தை யாரும் லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. அந்த மட்டில் நிம்மதி.

மூன்றாவது: தோற்பதில் லாபம். என்.பி.ஏ.வில் கடைசியில் வரும் அணிகளுக்கு அடுத்த வருடம் நல்ல இளம் ஆட்டக்காரரை முதலில் பொறுக்கும் வாய்ப்பு அதிகம். 1985-லிருந்து இதற்குக் குலுக்கல் வேறு போடுகிறார்கள். அதனால் சில அணிகள் வேண்டுமென்றே பலவீனமான ஆட்களை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் தோற்கும். ஃபிலடெல்ஃபியா 2015-16-ல் 10 ஆட்டம் ஜெயித்து 72 ஆட்டம் தோற்றது. ஃபெயிலானால் ஸ்காலர்ஷிப் கொடுப்பேன் என்று சொன்னால் பையன்கள் என்ன செய்வார்கள்?

ஜெயிக்கிற அணிகளும் லேசுப்பட்டவை அல்ல. 82 ஆட்டம் அதிகம் என்று நட்சத்திரங்களுக்கு நடுவில் ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள். 2012-ல் சான் அன்டோனியோ கோச், மியாமியில் ஆட வேண்டிய நாளில் தன் பெரிய ஆட்டக்காரர்களை ஏரோப்ளேன் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். லீக் 2,50,000 டாலர் அபராதம் போட்டது. 2023-24 சீசனிலிருந்து, 65 ஆட்டமாவது ஆடினால்தான் பெரிய விருதுகள் என்று சட்டமே கொண்டு வந்தார்கள். குழந்தைக்குப் பிறந்த நாள் பரிசாக டிக்கெட் வாங்கிக் கூட்டிக்கொண்டு போகிற அப்பாவை நினைத்துப் பாருங்கள். அங்கே போனால் ஹீரோ கோட்டு போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்!

* * *

"இதெல்லாம் ஒரு பக்கக் கதை மாமா" என்றார் மாப்பிள்ளை, ராத்திரி தோசை சாப்பிடும்போது. அவர் என்.பி.ஏ. கட்சி.

"காலேஜ் ஆட்டம் அரங்கேற்றம் மாதிரி. பெத்தவங்க, சொந்தக்காரங்க எல்லாம் உட்கார்ந்து கண்ணுல தண்ணி விடுவாங்க. என்.பி.ஏ. கச்சேரி மாமா. வித்வான் கச்சேரி! காலேஜ்ல இருக்கிற ஆயிரக்கணக்கான பசங்கள்ல வருஷத்துக்கு 60 பேரைக்கூட லீக் எடுக்கறதில்லை. இருக்கிறதுலயே மட்டமான என்.பி.ஏ. டீம்கூட காலேஜ் சாம்பியனை ஊதித் தள்ளிடும். பாதி நேரம் அந்தப் பசங்க போடற பந்து வளையத்தையே தொடாது!"

அதோடு விடவில்லை. "உங்க ஃப்ரெண்டு தெய்வமா கும்பிடறாரே டீன் ஸ்மித், அவர் காலத்துல பந்தைக் கையில வெச்சுக்கிட்டு நாலு மூலையிலயும் நின்னு நேரத்தைக் கடத்துவாங்க. 1982-ல ஒரு முக்கியமான மேட்ச் 47-45-ல முடிஞ்சுது. காலேஜ் ஆட்டத்துல டைம் லிமிட் கொண்டு வர அதுவும் ஒரு காரணம். கேளுங்க அவரை!"

மறுநாள் கேட்டேன். பெரியவர் அசரவில்லை. "வாஸ்தவம்தான். அந்த நாலு மூலை எங்களுக்கே போரடிக்கும். ஆனா உங்க மாப்பிள்ளை இதையும் தெரிஞ்சுக்கட்டும்" என்று ஆரம்பித்தார்.

டீன் ஸ்மித் 1961 முதல் 1997 வரை 36 வருடம் கரோலினாவின் கோச். 879 வெற்றி. பந்தைக் கூடையில் போட்டவன், அதைத் தனக்குக் கொடுத்தவனை உடனே கையை நீட்டிக் காட்ட வேண்டும் என்று பழக்கி வைத்தவர். 'நான் மட்டும் போடவில்லை, இவனும்தான்' என்று ஊருக்குச் சொல்ல. 2015 பிப்ரவரியில் காலமானார். அடுத்த மாதம் அவரிடம் ஆடிய சுமார் 180 பழைய மாணவர்களின் வீட்டுக்கும் தபாலில் ஒரு கவர் வந்தது. உள்ளே ஆளுக்கு 200 டாலர் செக். கோச் செலவில் வெளியே போய் நல்ல சாப்பாடு சாப்பிடுங்கள் என்று உயில் எழுதி வைத்திருந்தார்! அந்த 180 பேரில் கோடீஸ்வர ஜோர்டனும் உண்டு. நாலு வருடம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த பையனும் உண்டு. எல்லோருக்கும் அதே 200.

"இந்த மாதிரி ஒரு செக் எந்த என்.பி.ஏ. முதலாளி அனுப்புவான்?" என்றார். போஸ்ட்மேனாக இருந்தவர் அல்லவா, கவர் என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டார்.

* * *

கதை இதோடு முடிந்திருந்தால் பெரியவர் ஜெயித்தார் என்று சுபம் போட்டிருப்பேன். ஆனால் நோட்டின் பிற்பகுதியைப் புரட்டியபோது வேறு ஒரு சங்கதி தெரிந்தது.

முன் பக்கங்களில் ஒரு பெயர் முதல் வருடம், இரண்டாம் வருடம், மூன்று, நாலு என்று வரிசையாக வரும். பையன் வளர்வது நோட்டிலேயே தெரியும். போகப் போக அது குறைந்தது. 1971-ல் ஸ்பென்சர் ஹேவுட் என்கிற ஆட்டக்காரர் சுப்ரீம் கோர்ட் வரை போய், நாலு வருடம் காத்திருக்காமலே தொழிலுக்கு வரலாம் என்று வழி திறந்துவிட்டார். 1995-ல் கெவின் கார்னெட் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே என்.பி.ஏ.வுக்குத் தாவினார். பின்னாலேயே கோபி பிரயன்ட், லெப்ரான் ஜேம்ஸ். 2005-ல் லீக் ஒரு விதி போட்டது: 19 வயது ஆக வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். உடனே மகா கெட்டிக்காரப் பையன்கள் அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் கல்லூரியில் ஒதுங்க ஆரம்பித்தார்கள். மழைக்குப் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி.

2021-ல் இன்னும் இரண்டு கதவுகள் திறந்தன. கல்லூரி விட்டுக் கல்லூரி மாறினால் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும் என்ற விதி தளர்ந்தது. ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றும் ஆனது. அப்புறம் கேட்க வேண்டுமா? வருடா வருடம் முக்கால்வாசி அணி புதுசு. நான் ஊர் திரும்பிய பிறகு, 2025 ஜூனில், கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகச் சம்பளம் கொடுக்கலாம், ஒரு கல்லூரி வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை போகலாம் என்று கோர்ட்டில் சமரசமே ஆகிவிட்டது.

"அப்போ உங்க காலேஜும் என்.பி.ஏ. ஆயிடுச்சே! இது அநியாயம் இல்லையா?" என்றேன், அவர் பக்கம் பேசுவதாக நினைத்துக்கொண்டு.

பெரியவர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அநியாயம்னு சொல்லத்தான் ஆசை. சொல்ல முடியலை" என்றார். "என் பையனும் காலேஜ்ல ஆடினான்."

கரோலினாவில் இல்லை. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு சின்னக் கல்லூரியில். ஸ்காலர்ஷிப் உண்டு. மூன்றாம் வருடம் முழங்கால் போயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அவன் படம் போட்ட சட்டையைக் கல்லூரிக் கடையில் விற்றார்கள். அவனுக்கு ஒரு சட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் வருமானம். இப்போதும் மாடிப்படி ஏறும்போது பக்கவாட்டில்தான் ஏறுவானாம்.

"நாலு வருஷம் பசங்க பணத்துக்கு ஆசைப்படாம ஆடறாங்கன்னு நான் பெருமையா சொல்லிட்டிருந்தேன். டிக்கெட்டுக்கு நான் கொடுத்த பணம் எங்கே போச்சுன்னு ஒரு தடவைகூட யோசிக்கலை" என்றார்.

எனக்கு எட் ஓபானன் கதையைச் சொன்னதும் அவர்தான். 1995-ல் இறுதி ஆட்டத்தில் 30 பாயின்ட் எடுத்து யூ.சி.எல்.ஏ.வைச் சாம்பியன் ஆக்கிய மகா வீரர். என்.பி.ஏ.வில் இரண்டே சீசன். கடைசியில் லாஸ் வேகஸ் பக்கம் கார் விற்கிற வேலைக்குப் போனார். ஒரு நாள் நண்பர் வீட்டுக்குப் போனபோது அந்த வீட்டுப் பையன் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறான். திரையில் யூ.சி.எல்.ஏ. அணி. 31-ம் நம்பர் சட்டை, மொட்டைத் தலை, இடது கை. பெயர் மட்டும் இல்லை, மற்றபடி அச்சு அசல் அவரேதான்! அதற்காக அவர் கைக்கு ஒரு பைசா வந்ததில்லை. 2009-ல் வழக்குப் போட்டார், 2014-ல் ஜெயித்தார். இன்றைய பையன்களின் சம்பளத்துக்கு வழி பிறந்ததில் அந்தக் கார் விற்பனையாளருக்கு முக்கியப் பங்கு உண்டு.

அதே 2014-ல் கனெக்டிகட்டைச் சாம்பியன் ஆக்கிய ஷபாஸ் நேப்பியர், சில ராத்திரிகள் பசியோடுதான் படுக்கப் போகிறேன் என்று நிருபர்களிடம் சொன்னார். மார்ச் போட்டியின் டி.வி. உரிமை அப்போது 14 வருடத்துக்கு 1,080 கோடி டாலர்! அந்தப் பேட்டி வந்த அதே மாதத்தில், பையன்களுக்கு வேண்டிய மட்டும் சாப்பாடு போடலாம் என்று விதியை மாற்றினார்கள்.

பணம் வந்ததில் பெரியவருக்கு ஒரு லாபமும் இருந்தது. ஆர்மன்டோ பேகாட் என்கிற கரோலினாப் பையன் 2019 முதல் 2024 வரை ஐந்து வருடம் ஆடினார். கொரோனாவால் கிடைத்த கூடுதல் வருடம் ஒரு காரணம் என்றால், உள்ளூரிலேயே விளம்பர வருமானம் வந்தது இன்னொன்று. நோட்டில் அந்தப் பெயர் ஐந்து பக்கத்தில் இருக்கிறது. "பணம் பிரிக்கும்னு நினைச்சேன். இவனைப் பிடிச்சு வெச்சதும் பணம்தான்" என்றார்.

* * *

அந்த வருடம் கரோலினா மார்ச் 21-ம் தேதியே மிஸ்ஸிஸிப்பியிடம் 71-64 என்று தோற்று வெளியேறியது. பெரியவருக்கு மிச்சம் இருந்தது ஒரே பிரார்த்தனை: டியூக் தோற்க வேண்டும். ஏப்ரல் 5-ம் தேதி ராத்திரி டியூக்குக்கும் ஹூஸ்டனுக்கும் அரை இறுதி. என்னையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டிருந்தார். சகதர்மிணி தட்டு நிறைய வடை கொடுத்து அனுப்பினாள்.

டியூக்கின் தூண் கூப்பர் ஃபிளாக். 18 வயது. முதல் வருட மாணவன். டியூக் ஒரு கட்டத்தில் 14 பாயின்ட் முன்னால் இருந்தது. கடைசி நிமிடத்துக்குள் நுழைந்தபோதுகூட ஆறு பாயின்ட் முன்னால். பெரியவர் வடையைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் நடந்ததை எழுத எனக்குக் கை போதாது. ஹூஸ்டன் மூன்று பாயின்ட், பந்தைப் பறித்து இரண்டு பாயின்ட், ஃப்ரீ த்ரோ... ஒரு பாயின்ட் பின்னால் போன டியூக்குக்காகக் கடைசி நொடிகளில் ஃபிளாக் போட்ட பந்து உள்ளே போகவில்லை. 70-67. ஹூஸ்டன் ஜெயித்தது!

78 வயசுக்காரர் சோபாவிலிருந்து அரை அடி எழும்பினார். எனக்கும் தன்னையறியாமல் தொண்டை கிழிந்தது. (எனக்கு என்ன டியூக் மேல் விரோதம்? வடை தின்ற வீட்டுக்கு விசுவாசம்தான்.)

ஆரவாரம் அடங்கியதும் டி.வி.யில் அந்தப் பையன் முகம் வந்தது. பெரியவர் உட்கார்ந்துவிட்டார். "அவ்வளவுதான். போயிடுவான்" என்றார். அதே மாதிரி அந்தப் பையன் ஜூனில் டல்லஸ் அணிக்கு முதல் ஆளாகத் தேர்வாகிப் போய்விட்டான்.

"எதிரிதானே, போகட்டுமே!" என்றேன்.

"இல்லை சார். டியூக்ல கிறிஸ்டியன் லெய்ட்னர்னு ஒருத்தன் இருந்தான். 1988-லேருந்து நாலு வருஷம் ஆடினான். நாலு வருஷமும் அரை இறுதிக்கு வந்தான். நானும் என் மனைவியும் அவனை நாலு வருஷம் திட்டினோம். அவன் போனப்போ வீட்டுல யாரோ போன மாதிரி வெறிச்சுனு இருந்தது. ஒருத்தனை முறையா வெறுக்கிறதுக்கே நாலு வருஷம் வேணும். பிரியம் வைக்கிறதுக்கு வேண்டாமா?"

மாப்பிள்ளை, என்.பி.ஏ. கட்சிக்காரர், அதற்குப் பதிலே சொல்லவில்லை. "அந்தப் பையனுக்குக் கோடிக்கணக்கில் வரப் போகுது. முழங்கால் போறதுக்குள்ளே வாங்கிக்கட்டும். அதுதான் நியாயம்" என்று பெரியவரே முடித்தார். "எனக்குப் பிடிக்கலை. ஆனா அதுதான் நியாயம்."

மறுநாள் காலை பார்க்கிறேன், வெளிர் நீலக் கொடி வீட்டிலிருந்து பெரியவர் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிக் கரு நீலக் கொடி வீட்டுக்குப் போகிறார். தோற்ற வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கவாம். தட்டில் முந்தின ராத்திரி மிச்சமான எங்கள் மெதுவடை!

மே மாதம் ஊருக்குக் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளப் போனேன். மேஜை மேல் நோட்டு. அடுத்த வருடத்துப் பக்கத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார். அப்போதுதான் கவனித்தேன். பழைய பக்கங்கள் எல்லாம் பேனா. கடைசிச் சில பக்கங்கள் பென்சில்.

"ரப்பர் வெச்சு அழிக்கச் சௌகரியம்" என்றார் சிரித்துக்கொண்டே. அப்புறம், "அடுத்த மார்ச்சுக்கு வருவீங்களா? உங்க பேரையும் எழுதி வெச்சுக்கறேன்" என்றார்.

எழுத்துக் கூட்டிச் சொன்னேன். பேனாவைத்தான் முதலில் எடுத்தார். கொஞ்சம் யோசித்து, கீழே வைத்துவிட்டு, பென்சிலை எடுத்தார்.

நான் வருத்தப்படவில்லை. ஆறு மாத விசாக்காரனுக்கு அதுதானே நியாயம்!